வேதவாசிப்பும் தமிழ் வசனமும்

1

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் பேர்போன ஊர். ஆடிச் சனிக்கிழமைகளில் சுரபி நதிக்கரையில் கால்வைக்க இடமிருக்காது. கிறிஸ்துவர்களின் வேதவாசிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையை அங்கிருந்து தொடங்குவது விநோதமாகப் படலாம். ஆனால் குச்சனூருக்கு அண்டை ஊர் சின்னமனூர். அங்கே கிடைத்த பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாண்டியன் இராஜசிம்மன் காலத்தில் வெட்டப்பட்டது. பாண்டிய வம்சத்தின் பெருமைகளை அடுக்கிக்கொண்டு வருகையில், அந்த வம்சத்தார் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. ஐந்தாம் வேதம் என்று பேர்பெற்ற ஒரு நூலை இன்னொரு மொழியிலிருந்து தன் மொழிக்குக் கொண்டுவருவது, வம்சமே பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க காரியம் என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே செம்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தமிழ்ப்படுத்தப்பட்ட வேதம் பிறகு என்ன ஆகிறது என்பதையும் பாரதத்தை வைத்தே பார்க்கலாம். மழை பொய்த்தால் விராட பருவம் வாசிப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய வழக்கம். வில்லிபுத்தூராரின் விருத்தம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நேராகப் புரியாது. ஒருவர் பாட்டை வாசிப்பார், பிரசங்கியார் பொருள் சொல்வார். பொருள் புரிந்துவிட்டதே, இனி பாட்டு எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. அடுத்த வருஷமும் அதே பாட்டுத்தான், அதே பொருள்தான். புரிவதற்கும் வாசிப்பதற்கும் இடையில் ஏதோ ஒரு வேலை நடக்கிறது. அந்த வேலைக்கு நம் விமர்சனத்தில் இன்னும் பெயர் வைக்கப்படவில்லை.

இதே பள்ளத்தாக்கில் கிறிஸ்துவர்கள் உண்டு. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி ஆகியவை கத்தோலிக்கர்கள் கணிசமாக வாழும் ஊர்கள். பெரியகுளத்தை மையமாக வைத்துக்கொண்டு அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட் பாதிரிமார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வேலை செய்தார்கள். 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்களும் அவர்கள்தான். ஆக, ஒரே பள்ளத்தாக்கில் ஒரே வேதம் இரண்டு தமிழில் இருந்தது. ஒருவருக்கு இராயப்பர், மற்றவருக்குப் பேதுரு. ஒருவருக்கு அருளப்பர், மற்றவருக்கு யோவான். ஒருவருக்குச் சின்னப்பர், மற்றவருக்குப் பவுல். ஒருவருக்குச் சர்வேசுரன், மற்றவருக்குத் தேவன்.

இவர்கள் வேதத்தைப் படித்து ஞானம் தேடினார்கள் என்றால், எந்தத் தமிழில் தேடினார்கள்? நம் இலக்கியவாதிகள் 'பாதிரித் தமிழ்' என்று சிரித்துவிட்டு நகர்ந்துபோகும் அந்தத் தமிழிலா? அதைவிட நல்ல தமிழில் வேதம் வந்தபோதெல்லாம் அதை ஏன் வேண்டாம் என்றார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் இக்கட்டுரையின் பிரச்னை.

2

முதலில் 'ஞானம்' என்ற சொல். சைவனுக்குச் சரியை, கிரியை, யோகம் ஆகியவற்றைக் கடந்தபின் வருவது ஞானம். கிறிஸ்துவத் தமிழில் அது வாசலிலேயே நிற்கிறது. ஞானஸ்நானம், ஞானத்தகப்பன், ஞானப்பாட்டு, ஞானோபதேசம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையில் வந்து தங்கிய நொபிலியின் பெரிய நூலுக்கு 'ஞானோபதேச காண்டம்' என்று பெயர். அவரும் அவரைத் தொடர்ந்த இயேசு சபையாரும் புழங்கிய தமிழில் 'ஞானம்' என்பது உடலைச் சார்ந்ததற்கு எதிரான, ஆத்மாவைச் சார்ந்த எதற்கும் முன்னொட்டாகிவிட்டது. கடைசிப் படியாக இருந்த சொல் முதல் படியாயிற்று. இந்த இடமாற்றம் சிறிய விஷயமல்ல. ஞானம் தகுதி பெற்ற சிலருக்கு மட்டும் உரியது என்பது போய், பிறந்த குழந்தையின் தலையில் தண்ணீரோடு சேர்த்து ஊற்றப்படுவதாயிற்று.

ஆனால் அந்த ஞானம் புஸ்தகத்தின் வழியாக வரவில்லை. நொபிலி காலத்திலிருந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு, இராயப்பன்பட்டியைப் போன்ற ஊர்களில் இருந்த கத்தோலிக்கனுக்கு வேதம் கேட்கப்பட்டது, பார்க்கப்பட்டது, மனப்பாடம் செய்யப்பட்டது. கையில் வைத்துப் படிக்கப்பட்டதில்லை. ஞானோபதேசக் கேள்வி பதில்கள், செபமாலை, பாஸ்கா நாடகம், வாசகப்பா, இவற்றின் மூலமாகவே அவன் வேதக்கதைகளை அறிந்தான். 1726இல் வீரமாமுனிவர் முடித்த தேம்பாவணி சூசையப்பரைக் காவிய நாயகராக்கியது. வேதத்தைத் தமிழின் மேன்மையான யாப்புக்கு உயர்த்துவதுதான் முறை, கண்ட தமிழில் அச்சடித்து கண்டவர் கையில் கொடுப்பதல்ல என்பது அவர் கட்சி. சாதாரண விசுவாசி வேதத்தைக் கையில் எடுத்துப் படிக்கவேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை உலகளவில் வற்புறுத்திச் சொன்னது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் வெளியிட்ட, இறைவெளிப்பாட்டைப் பற்றிய ஏட்டில்தான்.

தரங்கம்பாடிக் காரியம் நேர் எதிரானது. 1706 ஜூலையில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார். இரண்டே வருஷங்களில் 119 தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் தயாரித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். வேதத்தைத் தமிழில் தருவதற்கு முன் தமிழின் நீதியை அவர் படித்திருந்தார் என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. சாலமோனின் புஸ்தகத்துக்குத் தமிழில் 'நீதிமொழிகள்' என்ற பெயர் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், ஔவையின் சுவடிகள் ஏற்கனவே அந்த இடத்தைச் செப்பனிட்டு வைத்திருந்ததுதான். 1708 அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். கொஞ்ச நாளிலேயே டேனிஷ் கவர்னருடன் மோதல் முற்றி, கோட்டைச் சிறையில் நான்கு மாதங்கள். 1711 மார்ச்சில் வேலை முடிந்தது. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், முழுப் புதிய ஏற்பாடு 1715இலும் அச்சாயின. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது, 1719இல், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார்.

அந்த முதல் தமிழ் மோசமானது. வீரமாமுனிவர் தம் தர்க்க நூல்களில் அதைக் கேலி செய்தார். கேலி நியாயமானதும்கூட. ஆனால் ஒன்றை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் உரைநடை அதுவரை உரையாசிரியர்களின் கையில் இருந்தது. மூலத்துக்குப் பக்கத்தில் நின்று மூலத்தைச் சுட்டிக்காட்டுவதுதான் அதன் வேலை. கதை சொல்லவும், கட்டளையிடவும், புலம்பவும், கடிதம் எழுதவும் ஒரே உரைநடை, அதுவும் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு, அதுவும் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சத்தம்போட்டு வாசிக்கும்படி வேண்டும் என்ற தேவை தமிழுக்கு அப்போதுதான் ஏற்பட்டது. தேவை ஏற்பட்டபோது கருவி தயாராக இல்லை.

3

கருவியைத் தயார்செய்தவர் பப்ரீஷியஸ். 1740இல் வந்தவர், ஐம்பது வருஷம் சென்னையில் இருந்தார். 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அச்சேறி, அவர் 1791இல் இறந்த பிறகுதான் முடிந்தது. மொழிபெயர்த்ததைப் பலதரப்பட்ட ஆட்களுக்கு வாசித்துக்காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்துத் திருத்துவது அவர் முறை. கடைசிக் காலத்தில் மிஷன் பணத்தைக் கடன் கொடுத்து வாங்கும் விவகாரங்களில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். உலக விஷயத்தில் இவ்வளவு சாமர்த்தியமில்லாத மனிதர், சொல்விஷயத்தில் அசாத்தியக் கறார்க்காரர். மூலத்தில் இருக்கும் சொல் தமிழில் இருந்தே ஆகவேண்டும். தமிழ் அதற்கு இடம் கொடுக்கவில்லையென்றால் தமிழை வளைத்தார். கடவுளுக்கு அவர் வைத்த சொல் 'பராபரன்'.

இதற்கு எதிர்ப்புறத்திலிருந்து வந்தவர் பாளையங்கோட்டை ரேனியஸ். 1827இல் அவர் வேதத்தை மொழிபெயர்க்கும் கொள்கைகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். சொல்லுக்குச் சொல் போவது மூலத்துக்கு விசுவாசமாகாது, தமிழன் தமிழாகப் படிக்கும்படி கருத்தைத் தரவேண்டும் என்பது அவர் வாதம். அதன்படியே புதிய ஏற்பாட்டைத் தெளிவாகத் தந்தார். இன்றைக்குப் படித்தாலும் அந்தக் கட்சி சரியென்றே படும். ஆனாலும் ரேனியஸின் தமிழ் நிலைக்கவில்லை. தெளிவு தோற்ற முதல் சந்தர்ப்பம் இது.

இரண்டாவது சந்தர்ப்பம் யாழ்ப்பாணத்தில். கம்பம் பள்ளத்தாக்கின் புராட்டஸ்டண்ட் சரித்திரம் அங்கிருந்து தொடங்குகிறது என்பதால் அங்கே போகவேண்டியிருக்கிறது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியின் மாதிரிதான் 1845இல் பசுமலையில் குடியேறிய செமினரிக்கு முன்னால் இருந்தது. பசுமலையில் படித்த உபதேசியார்கள் திண்டுக்கல், பெரியகுளம் என்று மலையடிவாரம் வரை போய், படிக்கத் தெரியாத சபைகளுக்கு வேதம் வாசித்தார்கள். மதுரை ஜில்லாவின் வேதவாசிப்பு யாழ்ப்பாணத்தில் ஒருமுறை ஒத்திகை பார்க்கப்பட்டது என்று சொல்லலாம்.

அந்த யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் வேதத்தைப் புதிதாகத் தமிழாக்கும் பொறுப்பை ஏற்றார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842இலேயே புஸ்தகமாகப் போட்டவர், ஆகவே பேச்சுத் தமிழின் எலும்புகள் தெரிந்தவர். தமக்குத் துணையாக அவர் எடுத்துக்கொண்டது தம் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே வாத்தியாராகிவிட்ட நல்லூர் ஆறுமுகத்தை. 1822இல் பிறந்தவர், சைவ வேளாளர், இன்னும் 'நாவலர்' ஆகவில்லை. ஏறக்குறைய எட்டு வருஷம் இருவரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1848இல் சென்னைக்குக் கொண்டுபோய் மழவை மகாலிங்கையரிடம் காட்டியதாகவும், அவர் தமிழைக் குறைசொல்ல முடியாது என்று ஏற்றுக்கொண்டதாகவும் நாவலரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1850இல் அது அச்சாயிற்று. கிறிஸ்துவர்கள் அதற்கு வைத்த பெயர் 'தற்காலிகத் திருப்புதல்'. பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. சென்னை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ச் சபைகளில் அது எடுபடவில்லை. லுத்தரன்கள் பப்ரீஷியஸை விட்டு அசைய மறுத்துவிட்டார்கள்.

இன்று பலரும் நம் கையில் இருக்கும் பைபிள் நாவலர் மொழிபெயர்த்தது என்று பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். அது சரியல்ல. நாவலரின் கைபட்ட பைபிள் விசுவாசிகள் ஏற்காத பைபிள். நம் கையில் இருப்பது அதற்குப் பின்னால் ஹென்றி பவர் தலைமையில் ஒரு கமிட்டி செய்தது. பப்ரீஷியஸை அடித்தளமாக வைத்து, யாழ்ப்பாணத்துத் திருப்புதலிலிருந்தும் எடுத்துக்கொண்டு, 1863இல் புதிய ஏற்பாட்டையும் 1871இல் முழு வேதாகமத்தையும் முடித்தார்கள். பவரும் தமிழ் தெரியாதவரல்ல. 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உரையோடு பதிப்பித்தவர். சிந்தாமணியை அச்சுக்குத் திருத்திய அதே வருஷங்களில், அதே மனிதர், வேதத்துக்கு வேறொரு தமிழைத் தேர்ந்துகொண்டார். தெரியாமல் செய்ததல்ல.

4

பேர்சிவலின் இரண்டு தமிழர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உபயோகமானது.

நாவலர் எட்டு வருஷம் வேதத்தைப் படித்தார். ஒரு வேத வசனத்தை மொழிபெயர்க்கிறவன் படிக்கிற அளவுக்கு விசுவாசிகூடப் படிப்பதில்லை. அந்தப் படிப்பு அவரைக் கிறிஸ்துவராக்கவில்லை. 1847இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அடுத்த வருஷம் பாதிரியாரின் பள்ளியை விட்டு விலகி, சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். பிறகு அச்சுக்கூடம், பாலபாடம், பெரியபுராண வசனம். கோயிலில் பிரசங்கம், அச்சடித்த வசனம், வகுப்புவாரியாகப் பாடநூல் என்று அவர் எடுத்த ஆயுதங்கள் அத்தனையும் எதிரியின் கிடங்கிலிருந்து வந்தவை. 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இன்னும் கூர்மையானது. சைவர்கள் கோயில் கட்டுகிறார்கள், தூபதீபம் காட்டுகிறார்கள், அபிஷேகம் செய்கிறார்கள் என்று ஏசும் பாதிரிமார்களைப் பார்த்து, உங்கள் பழைய ஏற்பாட்டைத் திறந்து பாருங்கள் என்றார். ஆசரிப்புக் கூடாரமும் பலிபீடமும் தூபமும் அணையாத விளக்கும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. லேவியராகமத்தை அவ்வளவு கவனமாகப் படித்த தமிழர் அன்று சபைக்குள் எத்தனைபேர் இருந்தார்கள் என்று தெரியாது. சபைக்கு வெளியே ஒருவர் இருந்தார்.

இன்னொருவர் கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்த வைஷ்ணவர், கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் கிறிஸ்துவப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்ட பேர்சிவல் 1855இல் தொடங்கி நடத்திய 'தினவர்த்தமானி'யில் அவர் வேலை பார்த்தார். நாவலரைப் பார்த்த அதே பாதிரியாரின் நிழலில்தான் இவரும் இருந்தார். பனியனின் மோக்ஷப் பிரயாணக் கதையை எடுத்துக்கொண்டு, பல வருஷ உழைப்பில், 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்களில் இரக்ஷணிய யாத்ரிகம் எழுதினார். 1894இல் அது புஸ்தகமாக வந்தது. வேதத்தைப் படித்து அவருக்குக் கிடைத்ததைக் கம்பனின் யாப்பில்தான் அவரால் சொல்ல முடிந்தது. பவர் கமிட்டியின் வசனத்தில் சொல்ல முடியவில்லை.

இந்த இருவரும் படித்தவர்கள். சபையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்குக் கம்பனும் இல்லை, பெரியபுராணமும் இல்லை. எழுத்து மறுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். அவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புஸ்தகம் வேதம்தான், பலருக்குக் கடைசிப் புஸ்தகமும் அதுவே. ஒப்பிட்டுப்பார்த்து இது நல்ல தமிழ், இது கெட்ட தமிழ் என்று சொல்ல அவர்களுக்கு வேறு தமிழ் எதுவும் அச்சில் இல்லை. தாய் இறந்த அன்று வாசிக்கப்பட்ட சங்கீதம், கல்யாணத்தன்று வாசிக்கப்பட்ட அதிகாரம், காலரா வந்த வருஷம் திரும்பத் திரும்ப வாசித்தது, எல்லாம் ஒரே வார்த்தைகளில் இருந்தன. பண்டிதர் ஒருவர் வந்து அந்த வார்த்தைகளைத் திருத்தினால், அவர் திருத்துவது மொழிபெயர்ப்பை மட்டுமல்ல. சிலர் வாழ்க்கையில் நடந்துமுடிந்துவிட்டவற்றையும் சேர்த்துத் திருத்துகிறார். சபைகள் மறுத்தது அதைத்தான்.

5

எதிர்காலமும் இப்படியே போயிற்று. 1930களில் லார்சனும் பிறகு மொனஹனும் பார்த்துத் திருத்திய புதிய திருப்புதல் வந்தது. 'தேவன்' போய்க் 'கடவுள்' வந்தார். அறிஞர்கள் பாராட்டினார்கள், சபைகள் பழையதையே கையில் வைத்துக்கொண்டன. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' என்று வந்தது. சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, இரட்சிப்பு மீட்பாயிற்று, பரிசுத்தம் தூய்மையாயிற்று, பிரசங்கி சபை உரையாளரானார். கத்தோலிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். புஸ்தகமாக வேதத்தோடு நெடுநாள் பழக்கம் இல்லாதவர்கள் அவர்கள்தான் என்பது கவனிக்கவேண்டியது. இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் வேதத்தின் பக்கங்களிலிருந்து விடைபெற்றுக்கொண்டு ஊர்ப்பெயர்களிலும் ஆள்பெயர்களிலும் தங்கிவிட்டார்கள். புராட்டஸ்டண்ட் வீடுகளில் பெரும்பாலும் இன்றும் வாசிக்கப்படுவது 1871இன் தமிழ்தான். கைப்பேசியில் படிப்பவர்களும் அதையே படிக்கிறார்கள்.

'விசுவாசம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பொதுத் தமிழில் அது இன்று நாய்க்கும் கட்சித் தொண்டனுக்கும் உரிய குணம். திருவிவிலியம் அதை நீக்கி 'நம்பிக்கை' என்று போட்டது நியாயமே. ஆனால் மழை வரும் என்பதும் நம்பிக்கை, கொடுத்த கடன் திரும்பும் என்பதும் நம்பிக்கை. 'விசுவாசம்' தினசரிப் புழக்கத்திலிருந்து விலகிப்போனதாலேயே, அதை வாசிக்கிறவன் ஒரு கணம் நிற்கவேண்டியிருக்கிறது. 'கிருபை'யும் அப்படித்தான். தினசரி வாழ்க்கை கைவிட்ட சொற்களை வேதவாசிப்பு ஒரு தனி அறையில் பத்திரமாக வைத்திருந்தது. தமிழை வளைத்து எழுதிய பப்ரீஷியஸ், தமக்குத் தெரியாமலே, நிதானமாக மட்டும் படிக்கக்கூடிய ஒரு தமிழை உண்டாக்கிவிட்டார். வழுக்கிக்கொண்டு போகாத வாக்கியம். ஒவ்வொரு அடியிலும் கால் இடறும் வாக்கியம். இடறுகிற இடத்தில் விசுவாசி உட்கார்ந்துகொள்கிறான்.

நம்மிடையே எளிமை, தெளிவு என்ற இரண்டு சொற்களும் மந்திரமாக இருக்கின்றன. மக்களுக்கு எழுதுவதென்றால் அப்படித்தான் எழுதவேண்டும் என்று ஒரு கட்சி, மக்கள் கடினமானதைத் தாங்கமாட்டார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் இந்தச் சரித்திரம் பதில் சொல்கிறது. எழுத்தறிவு புதிதாகப் பெற்ற லட்சக்கணக்கானவர்கள், தங்களுக்கு அளிக்கப்பட்ட தெளிவான தமிழை மூன்று நான்கு முறை மறுத்து, கரடுமுரடான தமிழோடு நூற்றைம்பது வருஷமாகக் குடித்தனம் செய்துவருகிறார்கள்.

6

இதைப் பக்தியின் வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை மறைத்தால் சரித்திரம் பொய்யாகும்.

1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் ஜாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று கேட்டது. வேதத்தை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த உபதேசியார்கள் பலர் மறுத்து வெளியேறினார்கள். யூதனென்றும் கிரேக்கனென்றும் பேதமில்லை என்ற பவுலின் உபதேசம் அவர்களுக்கு மனப்பாடம். மனப்பாடமான அந்த உபதேசத்துக்கும் எதிரில் வைக்கப்பட்ட சோற்றுக்கும் நடுவில் ஏதோ அறுந்துபோயிற்று. தஞ்சாவூரில் அதற்கும் முன்பே, 1829இல், புதிய மிஷனரிகள் ஜாதி வழக்கங்களில் கைவைத்தபோது எதிர்த்து எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தமிழில் வேதத்தை அவரளவுக்குப் பாட்டாக்கி ஜனங்களின் வாயில் வைத்தவர் வேறு யார்? வேதம் முழுவதும் தெரிந்திருந்தும் ஓர் இடத்தில் அது திறக்கவில்லை.

பாதுகாக்கப்பட்ட சொல்லின் ஆபத்து இது. தனி அறையில் வைத்த சொல் தெருவுக்கு வராமலே இருந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையின் 'நீதி' வேறு, திங்கட்கிழமையின் நியாயம் வேறு என்று ஆகிவிடலாம். கர்த்தருக்கு அஞ்சுவதில் ஞானம் தொடங்குகிறது என்பது நீதிமொழிகளின் அடிப்படைக் கருத்து. அங்கே தொடங்குகிறது என்றுதான் அந்தப் புஸ்தகம் சொல்கிறது. அங்கேயே நின்றுவிடுகிறது என்று சொல்லவில்லை. மனப்பாடம் பண்ணியவர்களில் பலர் தொடக்கத்தையே முடிவாக எடுத்துக்கொண்டார்கள்.

1714இல் தரங்கம்பாடியில் அச்சான அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு சம்பவம் உண்டு. எத்தியோப்பிய ராணியின் கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அதிகாரி, எருசலேமிலிருந்து ரதத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறான். ஏசாயாவின் புஸ்தகத்தை வாய்விட்டு வாசிக்கிறான். பிலிப்பு ஓடிப்போய், வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறான். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் எப்படி விளங்கும் என்கிறான் அவன். விளங்கவில்லை, இருந்தும் வாசித்துக்கொண்டிருக்கிறான், வழியெல்லாம். பிலிப்பு பொருள் சொல்கிறான். கொஞ்சதூரத்தில் தண்ணீர் தென்பட்டதும் ரதத்தை நிறுத்தச் சொல்லுகிறவன் அந்த அதிகாரிதான். வாசிப்பு, பொருள், பிறகு ரதத்தை விட்டு இறங்குவது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் கதை முடிகிறது.

தமிழ்க் கிறிஸ்துவ வேதவாசிப்பில் முதலாவது அபாரமாக நடந்தது. இரண்டாவது பாதிரியாரையும் உபதேசியாரையும் நம்பி இருந்தது. மூன்றாவதைச் சிலர் செய்தார்கள், பலர் ரதத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாவலர் இறங்கி, வேறு திசையில் நடந்தார். எட்டு வருஷம் படித்த ஒரு புஸ்தகம் தம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்த்து, அங்கிருந்து தம் காலால் நடந்தார் என்ற அளவில் அவரும் அந்த வேதத்தின் வாசகர்தான். அவருடைய வாசிப்பைச் சபையின் சரித்திரமும் சைவத்தின் சரித்திரமும் இரண்டுமே தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளத் தயங்கின.

இதில் நமக்கு என்ன? ஐந்நூறு பிரதி அச்சடித்து நானூறு பேருக்குத் தபாலில் அனுப்பி, தீவிர வாசகன் இல்லையே என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் நாம். ஒரு புஸ்தகத்தை ஆயுள் முழுக்க, தினமும், விளங்காத இடங்களைத் தாண்டிப்போகாமல், சத்தமாகப் படிக்கிற வாசகன் இந்த மொழியில் இருந்திருக்கிறான், இருக்கிறான். கம்பம் பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு வீட்டில் சாயங்கால ஜெபத்தில் இன்றும் அவன் ஓர் அதிகாரம் வாசிப்பான். அவன் படிக்கும் தமிழை நாம் இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சின்னமனூர்ச் செப்பேடு பாரதத்துக்குக் கொடுத்த இடத்தை நம் உரைநடையின் சரித்திரத்தில் 1871க்குக் கொடுக்க நாம் யோசிக்கவேயில்லை. அவன் வாசிப்பின் குறை என்னவென்று அவனுக்குச் சொல்ல நமக்கு அதிகாரம் உண்டென்றால், அவன் அளவுக்கு எதையாவது நாம் வாசித்திருக்கவேண்டும்.